நானூற்றுப் பன்னிரண்டு

சிவப்பு விளக்கில் ரத்தம் தெரியாது.

எலிகளின் இரவுக்காகப்
பகலிலேயே இருட்டாக்கிய அறை.
அவற்றின் கண்ணுக்குச் சிவப்பு எட்டாதாம்,
அதனால் எங்களுக்கு மட்டும் சிவப்பு.
ஊசிமுனை இரண்டு கையுறைகளையும் கடந்து
கட்டைவிரலுக்குள் போனபோது
சுருக்கென்றது, அவ்வளவுதான்.
குனிந்து பார்த்தேன்.
கை முழுக்க ஒரே நிறம்.
பிடியில் சுண்டெலி இன்னொரு முறை முறுக்கியது.
மீதி மருந்தை அதன் வயிற்றில் செலுத்திவிட்டு
ஏட்டில் எழுதினேன்:
எண் 3318, பெண், இருபத்திரண்டு கிராம்,
ஒன்பது பதினேழு,
வலது முன்காலில் ஒரு நகம் உடைந்திருக்கிறது.

விட்டுவிட முடியாது.
ஒரு நகத்துக்கும் இங்கே கணக்குண்டு.

தாழ்வாரத்து டியூப்லைட்டில்தான் பார்த்தேன்,
கையுறைக்குள் மிளகளவில் தொடங்கி
பரவிக்கொண்டிருந்தது.
குழாயடியில் பிதுக்கினேன்.
குரிச்சிபாவின் ஜூன் மாதத் தண்ணீர்,
எலும்புவரை போகும் குளிர்.
பக்கத்துத் தொட்டியில்
கூண்டு கழுவிக்கொண்டிருந்த வல்டிரேனி
ஒன்றும் கேட்கவில்லை.
சட்டைப்பையிலிருந்து பிளாஸ்திரி ஒன்றை எடுத்து
தொட்டி விளிம்பில் வைத்தாள்,
சாப்பாட்டு மேசையில்
உப்பை நகர்த்தி வைப்பதுபோல.

அவளுக்கு மூன்று வருடமாகத் தும்மல்.
இரவில் மூச்சு விசிலடிக்கிறது.
வீட்டில் பூனை வளர்ப்பதாக
மருத்துவரிடம் சொல்லி வைத்திருக்கிறாள்.
பூனைக்குப் பெயர்கூட உண்டு.
போன முறை அவர்,
யாருக்காவது கொடுத்துவிடுங்களேன் என்றாராம்.
கொடுத்துவிட்டேன் என்றாளாம்.
இப்போது
இல்லாத பூனையும் இல்லாமல்
தும்முகிறாள்.

படிவம் இருக்கிறது. இல்லையென்று சொல்லவில்லை.
ஆறு பக்கம், மேற்பார்வையாளரின் இழுப்பறையில்,
கேட்டு வாங்க வேண்டும்.
நான்காம் பக்கத்தில் ஒரு கேள்வி:
இந்த விபத்தை நீங்கள் தவிர்த்திருக்க முடியுமா?
ஆம் என்றால் தப்பு உன்னுடையது.
இல்லை என்றால் உனக்கு வேலை தெரியவில்லை.
நாங்கள் ஒப்பந்தக் கம்பெனி ஆட்கள்.
டிசம்பரில் கையெழுத்துப் போடுகிறவர்
அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவாராம்.
புரட்டிப் பார்த்ததைக் கண்டவர் இல்லை,
நிரப்பிக் கொடுத்தவரும் இல்லை.

டிர்செயுவின் கதை வேறு.
குரங்கறையில் இருபத்தேழாம் எண்,
காதோரம் வெள்ளைக் குஞ்சம் வைத்த சிறுகுரங்கு,
வாழைப்பழத் துண்டோடு சேர்த்து
அவன் விரலையும் கடித்துவிட்டது.
பழகியதுதான். பழமென்று நினைத்துக் கடித்தது.
எழுதினால் அதைக் கொன்று
மூளையை அறுத்துப் பார்ப்பார்கள்,
வெறி உண்டா என்று.
அவன் எழுதவில்லை.
இரண்டு பஸ் மாறிப் போய்
வேறொரு பேட்டையின் சுகாதார நிலையத்தில்
தெருநாய் கடித்தது என்று சொல்லி
நான்கு தவணை ஊசி போட்டுக்கொண்டான்.
என்ன மாதிரி நாய் என்று கேட்டார்களாம்.
வெள்ளைக் காது என்றானாம்.
நாங்கள் சிரித்தோம், அவன் சிரிக்கவில்லை.
அந்த ஆய்வு செப்டம்பரில் முடிகிறது.
ஆய்வு முடிந்தால் இருபத்தேழும் முடிந்தது.
அவனுக்கும் தெரியும்.

என் ஊசியில் இருந்தது என்ன?
சீசாவில் ஓர் எழுத்து மட்டும்.
மருந்தா வெறும் உப்புநீரா,
முடியும்வரை யாருக்கும் தெரியக்கூடாத சோதனை.
தெரிய வேண்டுமென்றால்
ஆறு பக்கம் எழுதி, காரணம் சொல்லி,
உறையைப் பிரிக்கச் சொல்ல வேண்டும்.

வாசலில் ஒரு பலகை தொங்குகிறது,
விபத்தில்லாத நாட்கள்.
ஐந்நூறைத் தொட்டால்
கம்பெனி செலவில் எல்லோருக்கும்
நெருப்பில் வாட்டிய மாட்டு விலா.
தகடு மாற்றும் முறை
இந்த மாதம் என்னுடையது.
இன்று காலை முக்காலியில் ஏறி
இரண்டைக் கழற்றி மூன்றை மாட்டினேன்,
கட்டைவிரலை மடக்கிக்கொண்டு.
தகடு ஒருமுறை நழுவியது.
கீழே நின்ற காவலாளி ஓஸ்மார்
பார்த்து, விழுந்துவிடாதே என்றார்,
இன்னும் எண்பத்தேழு நாள்தான்.

பிறகு சிவப்பு அறைக்குப் போனேன்,
மற்ற எந்தக் கூண்டையும் திறக்காமல்
நேராக அதனிடம்.
மூலையில் சுருண்டு கிடந்தது.
தராசில் வைத்தேன்.

3318, இருபது கிராம்.
எழுதினேன்.